பனடோல் யுவி ரிப்போர்ட்: 715ஐ நம்புறதா, கேர்வ் கீறுறதா?

பரசிட்டமோல் (பனடோல்) குளிசையை யுவியில, அதாவது புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுது எண்டு பாக்கிற கருவியில, அளந்து ரிப்போர்ட் எழுதச் சொன்னா எல்லாரும் முதல்ல கேக்கிறது "எத்தனை பக்கம் வரவேணும்" எண்டுதான். மார்க்ஸ் போறதும் வாறதும் பக்கத்தில இல்ல, எந்த வழியில கணக்குப் பாக்கப்போறீங்க எண்டதை லேபுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முதலே முடிவெடுத்தீங்களா இல்லையா எண்டதிலதான் இருக்கு. அளந்து முடிச்சுட்டு வெள்ளவத்தை பஸ்ஸில வரேக்க யோசிச்சா அப்ப கையில இருக்கிற நம்பருக்கு ஏத்த மாதிரித்தான் ரிப்போர்ட் வரும், மாத்த ஏலாது.

கேள்வி ஒண்டுதான். பெட்டியில 500 மில்லிகிராம் எண்டு போட்டிருக்கு, உள்ளுக்க அவ்வளவு இருக்கா? இதுக்கு மூண்டு வழி இருக்கு. பிரிட்டிஷ் பார்மகோபியா (மருந்துகளிட தர நூல்) சொல்ற 715 எண்ட எண்ணை வச்சு நேரா வகுக்கிறது, நீங்களே நியமக் கரைசல்கள் (செறிவு தெரிஞ்ச கரைசல்கள்) செய்து செறிவுக்கு எதிரா உறிஞ்சலைப் போட்டு கலிப்ரேஷன் கேர்வ் கீறுறது, இல்லாட்டி ஸ்டான்டர்ட் அடிஷன், அதாவது மாதிரிக்குள்ளயே தெரிஞ்ச அளவு நியமத்தைக் கூட்டிக் கூட்டி அளக்கிறது. என்ட முடிவை இப்பவே சொல்லிடுறன், பிறகு ஏன் எண்டு பாப்பம்: கேர்வை முக்கிய வழியா வையுங்க, 715ஐ அதுக்குச் சாட்சியா வையுங்க, மூண்டாவதை இந்தக் குளிசைக்குத் தொடாதீங்க.

முதல் 715. இருபது குளிசையை ஒண்டா நிறுத்து, சராசரி எடுத்து, பீங்கான் உரல்ல போட்டு மாவாக்குங்க. அதில 0.15 கிராம் பரசிட்டமோல் இருக்கிற அளவு தூளை எடுத்து 50 மில்லிலீட்டர் 0.1 மோலர் சோடியம் ஹைட்ரொக்சைட்டும் 100 மில்லிலீட்டர் தண்ணியும் விட்டு 15 நிமிஷம் குலுக்கி, 200க்கு நிரப்பி, வடிச்சு, வடிச்சதில 10ஐ 100 ஆக்கி, அதில திரும்ப 10 எடுத்து 10 மில்லிலீட்டர் 0.1 மோலர் ஹைட்ரொக்சைட்டோட சேத்து 100 ஆக்கி, 257 நானோமீட்டர்ல அளக்கிறது. இவ்வளவுதான் முறை. ஒரு நூறு மில்லிலீட்டர்ல ஒரு கிராம் இருந்தா ஒரு சென்டிமீட்டர் குவெட்ல (கரைசலை ஊத்தி அளக்கிற சின்னப் பாத்திரம்) உறிஞ்சல் 715 வரும் எண்டது கணக்கு, உண்மையா அப்பிடி ஒரு கரைசலை ஒருத்தரும் அளக்கிறதில்ல, அது வெறும் கணக்குத்தான். எல்லாம் சரியாப் போனா கடைசிக் கரைசல் மில்லிலீட்டருக்கு 7.5 மைக்ரோகிராம், உறிஞ்சல் 0.536 பக்கம் வரவேணும். இந்த எண்ணை லேபுக்குப் போக முதல் கொப்பியில எழுதி வையுங்க. கருவி 1.2 காட்டினா ஐதாக்கல்ல எங்கயோ விட்டிட்டீங்க எண்டு அந்த இடத்திலயே விளங்கும், வீட்ட வந்து அழத்தேவையில்ல.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு: சராசரிக் குளிசை நிறை 0.582 கிராம் எண்டா, 0.15 கிராம் மருந்துக்கு 0.1746 கிராம் தூள் வேணும். 0.528 வந்தா, 715ஆல வகுக்க 0.0007385, அதாவது மில்லிலீட்டருக்கு 7.385 மைக்ரோகிராம், ஐதாக்கலைத் திருப்பிப் பெருக்கினா 147.7 மில்லிகிராம், அது 98.5 வீதம், ஒரு குளிசையில 492 மில்லிகிராம். பார்மகோபியா எல்லை 95இலிருந்து 105 வீதம் வரைக்கும், அப்ப பாஸ்.

இந்த வழியில உள்ள பெரிய வசதி, நியமப் பரசிட்டமோல் ஒரு துளியும் தேவையில்ல. ரெண்டு மணித்தியாலத்தில முடிக்கலாம். பிரச்சினை எங்க எண்டா, 715 எண்டது வேற ஆக்கள் வேற கருவிகளில நல்லா அளந்து வச்ச எண், உங்கட கருவியும் அதே மாதிரி அளக்குது எண்டு நீங்க நம்பித்தான் வகுக்கிறீங்க, சந்தையில மீன்காரரிட தராசைச் சோதிக்காம காசு குடுக்கிற மாதிரித்தான் இது. சோதிக்க வழி இருக்கு: 0.005 மோலர் சல்பூரிக் அமிலத்தில பொட்டாசியம் டைகுரோமேட் கரைச்சு அளக்கிறது. அதுக்குப் பார்மகோபியாவின்ர பழைய பதிப்புகள் குடுத்த நாலு அலைநீளத்தில ஒண்டு 257, எங்கட அதே இடம்! அங்க எண் 144.5, எல்லை 142.8 தொடக்கம் 146.2. லீட்டருக்கு 60 மில்லிகிராம் கரைசல் எண்டா 0.867 வரவேணும். இந்தச் சோதனை செய்த பதிவு லேபில இருந்தா, இல்லாட்டி நீங்களே செய்தா, 715 வழி ஒரு மதிப்பான வழி. இல்லாட்டி அது நம்பிக்கை மட்டும்தான், அதை ரிப்போர்ட்ல "இலக்கியப் பெறுமானம் பயன்படுத்தப்பட்டது" எண்டு ஒரு வரியில மறைக்கப் பாக்கக்கூடாது.

இனிக் கேர்வ். தூய பரசிட்டமோல் நிறுத்து 0.01 மோலர் ஹைட்ரொக்சைட்டில மில்லிலீட்டருக்கு 2, 4, 6, 8, 10 மைக்ரோகிராம் எண்டு அஞ்சு கரைசல் செய்யுங்க. இந்த எண்கள் சும்மா எடுத்ததில்ல. 715படி பாத்தா இவை முறையே 0.143, 0.286, 0.429, 0.572, 0.715 வரவேணும், அதாவது கருவி நல்லா வேலைசெய்ற 0.2 தொடக்கம் 0.8 எண்ட இடைவெளியில கிட்டத்தட்ட முழுக்க விழுது, உங்கட மாதிரி 7.5இல வந்து நிக்குது, கோட்டின்ர நடுவுக்குக் கிட்ட. நடுவுக்குக் கிட்ட நிக்கிறது முக்கியம், ஏனெண்டா ஒரு நேர்கோட்டிலிருந்து வாசிக்கிற செறிவில வழு ஆகக் குறைவா இருக்கிறது எல்லாப் புள்ளிகளிட சராசரி இருக்கிற இடத்திலதான், ரெண்டு கரையிலயும் அது கூடும். சில பேர் 5, 10, 15, 20, 25 எண்டு வடிவான எண்களா எடுத்துப்போட்டு மேல்புள்ளிகள் 1.4, 1.8 எண்டு போகேக்க கோடு வளையுது எண்டு டெமோவிட்ட (லேபில சொல்லித்தாறவர்) போய் நிக்கிறது. அங்க கருவிக்குள்ள சிதறித் திரியிற ஒளிதான் உறிஞ்சலைக் குறைச்சுக் காட்டுது, செறிவு கூடக்கூட உறிஞ்சலும் அதே விகிதத்தில கூடும் எண்ட பியர் லாம்பேட் விதியில குற்றமில்ல.

இப்ப நான் சாட்சி எண்டு சொன்ன விஷயம். உங்கட கோட்டிட படித்திறன் (சாய்வு), மில்லிலீட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு 0.0715க்குக் கிட்ட வரவேணும். வந்தா, உங்கட நியமக் கரைசலும் கருவியும் காரமும் எல்லாம் ஒரே கதையைச் சொல்லுது எண்டு அர்த்தம், அதை ஒரு பந்தியில எழுதினா வாசிக்கிறவருக்கு இந்தப் பிள்ளை விளங்கித்தான் செய்திருக்கு எண்டு தெரியும். 0.066 வந்தா எங்கயோ 8 வீதம் மட்டில காணாமப் போயிருக்கு: நியமப் போத்தல் ஈரம் குடிச்சிருக்கலாம், காரம் காணாம இருக்கலாம், அலைநீளம் தள்ளி இருக்கலாம். ஒவ்வொண்டையும் தனித்தனியாச் சோதிக்க ஏலும். கேர்வ் மட்டும் செய்த ஆளுக்கு இது தெரியவராது, ஏனெண்டா கோடு நேரா இருக்கும், ஆர் வர்க்கமும் (R², புள்ளிகள் கோட்டோட எவ்வளவு பொருந்துது எண்ட எண்) 0.9995 இருக்கும், எல்லாக் கரைசலும் ஒரே அளவு பிழைச்சா கோடு வடிவாத்தான் வரும். 715 மட்டும் செய்த ஆளுக்கும் தெரியாது. ரெண்டும் சேந்தாத்தான் பிழை வெளியில வருது, இதுக்காகத்தான் ரெண்டையும் செய்யச் சொல்றன், மேலதிகமா ஒரு வகுத்தல்தான், வேற வேலையில்ல.

ஆர் வர்க்கம் பற்றி ஒண்டு. 0.999 எண்டு போட்டு "எனவே நேர்கோட்டுத் தொடர்பு நிரூபிக்கப்பட்டது" எண்டு எழுதுறது எல்லா ரிப்போர்ட்லயும் இருக்கு, அது நிரூபிக்கிறதில்ல. லேசா வளைஞ்ச கோட்டுக்கும் 0.998 வரும். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு மேல கீழ நிக்குது எண்டு ஒரு சின்ன வரைபு கீறுங்க, மேலயும் கீழயும் கலந்து கிடந்தா நல்லம், நடுவில எல்லாம் மேலயும் ரெண்டு கரையும் கீழயும் எண்டா வளைவு இருக்கு. அதோட கோட்டைப் பூச்சியத்துக்குள்ளால வலிஞ்சு இழுக்கவேணாம், எக்ஸெல்ல அந்தப் பெட்டி இருக்குதே எண்டதுக்காக அதை அமத்தத்தேவையில்ல. வெட்டுத்துண்டு (செறிவு பூச்சியத்தில கோடு காட்டுற உறிஞ்சல்) 0.003 வந்தா விட்டிடுங்க, 0.04 வந்தா பிளாங்க் (மருந்தில்லாத வெறும் கரைப்பான்) பிழை எண்டு அது உங்களுக்குச் சொல்ற தகவல், அதை மறைச்சா தகவல் போச்சு.

சரி, இந்தக் கேர்வுக்கு இவ்வளவு மினக்கெடுறது உண்மையில எதுக்குப் பிரயோசனம்? வழுக் கணக்கைப் பாத்தா விளங்கும். நல்ல தர 10 மில்லிலீட்டர் குழாயிக்கு (பிப்பெட்) 0.02 மில்லிலீட்டர் வழு, அது 0.2 வீதம், ரெண்டு தரம். 100 குடுவை 0.1 வீதம், ரெண்டு தரம். 200 குடுவை அதிலயும் குறைவு. தராசு நாலு தசமதானம் எண்டா 0.1 வீதம். கருவி உறிஞ்சலை ±0.005க்குத்தான் சரியாச் சொல்லும் எண்டு வச்சா, 0.528இல அது தனியே 0.95 வீதம்! வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தா மொத்தம் 1 வீதம், அதில கிட்டத்தட்ட எல்லாம் கருவிட பங்கு. நாங்க எல்லாம் குழாயியைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறம். கேர்வ் வழியில கருவி எல்லாத்தையும் ஒரே அளவு கூட்டியோ குறைச்சோ காட்டினா அது நியமத்திலயும் மாதிரியிலயும் ஒண்டாத்தான் விழும், வெட்டுப்பட்டுப் போயிடும். 715 வழியில வெட்டுப்படாது. முழு ஒப்பீட்டிலயும் எனக்கு முடிவை எடுத்துத் தந்தது இந்த ஒரு விஷயம்தான். (ஒரு மில்லிலீட்டர் குழாயியால எடுத்து நேரடியா ஐதாக்கி ஒரு படியை மிச்சம் பிடிக்கிற ஆக்களுக்கு: அதில வழு 0.8 வீதம் மட்டில, மிச்சம் ஒண்டும் இல்ல.)

ஸ்டான்டர்ட் அடிஷன் பெரிய பேரா இருக்கிறதால ரிப்போர்ட் உசரும் எண்டு நினைக்கிறாங்க. மாதிரிக்குள்ள இருக்கிற வேற பொருள்கள் படித்திறனை மாத்துற நேரத்துக்குத்தான் அது. குளிசையில உள்ள மாப்பொருளும் மற்றக் கட்டிப்பொருளும் காரத்தில பெரும்பாலும் கரையாம வடிதாள்ல நிண்டுடும், படித்திறனை மாத்தாது. அப்பிடி ஏதாவது கரைஞ்சு தானும் 257இல உறிஞ்சினா, அதை ஸ்டான்டர்ட் அடிஷன் திருத்தாது, ஏனெண்டா அது எல்லாக் கரைசலிலயும் ஒரே அளவு கூட்டிக் காட்டும், கோடு அப்பிடியே மேல நகரும், பின்னுக்கு நீட்டி வாசிக்கிற விடையும் பிழையாத்தான் வரும். மேலதிகமா, கோட்டை வெளியில நீட்டி வாசிக்கிறதால வழுவும் கூட. வைவாவில (வாய்மொழிப் பரீட்சை) இந்தக் கேள்வி வந்தா பதில் சொல்ல ஏலாதவங்க அதைத் தொடாம விடுறது நல்லம்.

கரைப்பான் எது எண்டதும் ஒரு முடிவு. மெதனோல்ல பரசிட்டமோல் கெதியாக் கரையும், 205 நானோமீட்டர் வரைக்கும் குறுக்கிடாது, ஆனா கொழும்புச் சூட்டில மூடாத குடுவையிலிருந்து ஆவியாப் போய்ச் செறிவு கூடிக்கொண்டே இருக்கும். அமிலத்தில உச்சம் 245 பக்கம். காரத்தில 257. ஏன் நகருது எண்டதை ரிப்போர்ட்ல கட்டாயம் எழுதுங்க: பினோல் கூட்டம் புரோத்தனை இழந்து பினொக்சைட் ஆகேக்க ஒட்சிசன்ட இலத்திரன்கள் வளையத்துக்குள்ள இன்னும் நல்லாப் பரவுது, பாயத் தேவையான சக்தி குறையுது, அலைநீளம் கூடுது. பீகேஏ (பாதி அயனாகிற பீஎச்) 9.5 மட்டில, 0.01 மோலர் காரம் பீஎச் 12, அப்ப 99.7 வீதம் அயனாகி இருக்கு. காரம் காணாம பீஎச் 9.5இல நிண்டா பாதிபாதி, கலவையான உச்சம், ஒண்டுமே பொருந்தாது. நான் காரம்தான் சொல்லுவன், 715ஐச் சாட்சிக்குக் கூப்பிடவேணும் எண்டாலும் காரம்தான் வேணும். கரைசலை அடுத்த நாளுக்கு வைக்காதீங்க, காரத்தில மெதுமெதுவா நீர்ப்பகுப்படைஞ்சு அமினோபினோல் வந்து மண்ணிறமாகும்.

குவெட் குவார்ட்ஸ்தான். பிளாஸ்டிக்கும் சாதாரண கண்ணாடியும் 257இல தாங்களே ஒளியைக் குடிச்சுடும். இன்னொரு விஷயம், கருவி இருக்கிற ஏசி அறையில குளிர்ந்த குவெட்டை வெளி லேபுக்குக் கொண்டுவந்து நிரப்பினா எங்கட ஈரக்காத்தில வெளிப்பக்கம் பனிக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பனிச்சாலும் உறிஞ்சல் ஏறும். கரைசலை உள்ளுக்குக் கொண்டுபோய் ஒரு பத்து நிமிஷம் வச்சிட்டு அங்கயே நிரப்புங்க. 30 பாகையில மார்க்குக்கு நிரப்பின தண்ணிக் கரைசல் 22இல 0.2 வீதம் சுருங்கும், கேர்வ் எண்டா அதுவும் வெட்டுப்படும்.

எந்த மருந்து எண்டு உங்களைத் தெரிவுசெய்ய விட்டா? பரசிட்டமோல்தான், யோசிக்கவே வேணாம். ஐபுபுரோஃபன்ல வெறும் பென்சீன் வளையம், 264லயும் 272லயும் மெலிஞ்ச உச்சங்கள், நல்ல உறிஞ்சல் எடுக்க மில்லிலீட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் போடவேணும், அதை நியமிப்பு (டைட்ரேஷன்) செய்றது எவ்வளவோ மேல். அஸ்பிரின் சுவாரசியமானது ஆனா ஆபத்தானது. காரத்தில நீர்ப்பகுப்பு செய்து சலிசிலேட்டை அளக்கலாம், பெரிக் அயனோட சேத்து ஊதா நிறமாக்கி 530 பக்கமும் அளக்கலாம், அது யுவி இல்ல எண்டது வேற கதை. ஆனா எங்கட ஊர் ஈரத்தில திறந்து வச்ச அஸ்பிரின் போத்தலைத் திறந்தா வினாகிரி மணம் வாறது தெரியும்தானே, அது ஏற்கெனவே உடைஞ்சுபோன அஸ்பிரின். நீங்க லேபில உடைச்சதையும் அது தானா உடைஞ்சதையும் இந்த முறை பிரிச்சுச் சொல்லாது, பழுதான குளிசைக்கும் 100 வீதம் வரும். இதை விவாதத்தில எழுதத் துணிவிருந்தா அஸ்பிரின் நல்ல தெரிவு. 500 மில்லிகிராம் பரசிட்டமோலோட 65 மில்லிகிராம் கபேன் (கஃபீன்) சேந்த குளிசையை எடுக்காதீங்க. கபேன் 273இல உச்சம், ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுது, ரெண்டு அலைநீளத்தில அளந்து ஒருங்கமை சமன்பாடு தீர்க்கலாம், ஆனா எட்டுக்கு ஒண்டு எண்ட விகிதத்தில பரசிட்டமோல்ல வாற சின்ன வழு கபேனை முழுசா முழுங்கிடும். பாமசியில வாங்கேக்க பெட்டியைத் திருப்பி வாசிச்சு வாங்குங்க, "பனடோல் தாங்கோ" எண்டு கேட்டா என்ன கையில வரும் எண்டு சொல்ல ஏலாது.

எழுதுறதுக்கு வருவம். அறிமுகத்தில பரசிட்டமோல் வரலாறு ஒரு பக்கம் வேணாம். ஏன் அளக்கிறம் எண்டதுக்கு ரெண்டு வரி காணும். 1971இல சேனக பிபிலே தலைமையில அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கினதிலிருந்து மலிவான மருந்தும் தரமா இருக்கவேணும் எண்டது இந்த நாட்டில ஒரு பொதுக் கேள்வி, 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தால தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை வந்ததும் அந்தக் கேள்விக்காகத்தான். அதோட நிப்பாட்டி முறைக்குப் போங்க. முறையில செய்ததை எழுதுங்க, செய்முறைத் தாளைப் பிரதி பண்ணவேணாம், 0.1746 எடுக்கச் சொல்லி 0.1752 எடுத்தா 0.1752 எண்டே எழுதுங்க.

விவாதத்தில "மனிதத் தவறு" எண்ட சொல்லைக் கண்டா எனக்குக் கோபம் வரும். 93 வீதம் வந்தா, தூள் முழுசாக் கரையேல்லையா, அப்ப 15 நிமிஷத்துக்குப் பதில் 30 நிமிஷம் குலுக்கின இன்னொரு மாதிரி என்ன சொல்லுது? வடிக்கேக்க முதல் கொஞ்சத்தை எறிஞ்சனீங்களா? படித்திறன் 0.0715க்குக் கிட்ட இருந்தும் மாதிரி குறைவா வந்தா குற்றம் நியமத்தில இல்ல, மாதிரி தயாரிப்பில, இப்பிடி ஒவ்வொரு கதவா மூடிக்கொண்டு போறதுதான் விவாதம். கடைசி விடையை 98.46153 எண்டு எழுதாதீங்க. 1 வீத வழு எண்டு நீங்களே கணக்குப் போட்ட பிறகு 98.5 ± 1.0 தான் எழுதலாம்.

அப்ப நேரம் இல்லாட்டி? கருவி ஒண்டு, வரிசையில பதினஞ்சு பேர், உங்களுக்குக் கிடைக்கிறது இருபது நிமிஷம். அஞ்சு புள்ளிக் கேர்வ் ஏலாது எண்டா 715ஐயே பாவியுங்க, ஆனா 7.5க்குக் கிட்டவா ஒரேயொரு நியமக் கரைசல் செய்து மாதிரியோட சேத்து அதையும் அளந்துடுங்க. அந்த ஒரு புள்ளி 0.536க்குக் கிட்ட வந்தா 715 வழியில எடுத்த விடையை அப்பிடியே குடுங்க. வராட்டி ரெண்டு உறிஞ்சலையும் ஒண்டால ஒண்டு வகுத்து அந்த விகிதத்தில விடையைச் சொல்லி, 715 ஏன் உங்கட கருவிக்குப் பொருந்தேல்ல எண்டு அரைப் பக்கம் எழுதுங்க.